மூன்றரை மணிக் கோப்பிக்குப் போங்கள், அக்கா

கேள்வி: நாங்கள் கனடாவில் மார்க்கம் நகரத்தில் 25 வருடமாக இருக்கிறோம். சைவக் குடும்பம். மகனுக்கு 29 வயது. வோட்டர்லூவில் படிக்கும்போது பழகிய பிள்ளையைத்தான் கட்டுவேன் என்கிறான். அவள் தாதி, நல்ல பிள்ளை, மெனோனைட் என்கிற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பம். அவளுடைய அப்பம்மா உக்ரேனில் பிறந்தவராம், 88 வயதாம். "பொம்பிளையைக் குதிரை வண்டியிலோ கூட்டி வரப்போகிறீர்கள்?" என்று சொந்தக்காரர் சிரிக்கிறார்கள். அது எனக்குப் பெரிதில்லை. போன மாதம் பெண்ணின் தாய் தகப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று நாளாகச் சமைத்தேன். எங்கள் வரவேற்பறையில் என் தம்பியின் படம் மாலையோடு இருக்கிறது. சீருடையில் எடுத்த படம். 2009இல் வன்னியில் அவனை இழந்தோம். அந்த மனிதர் படத்துக்கு முன்னால் கனநேரம் நின்றார். யார் என்றுகூடக் கேட்கவில்லை. சாப்பிட்டார்கள், நான் தடுக்கத் தடுக்கக் கோப்பை தட்டெல்லாம் கழுவி வைத்தார்கள், நன்றி சொல்லிப் போய்விட்டார்கள். மூன்று வாரம் ஒரு சொல் இல்லை. இப்போது, ஞாயிறு பின்னேரம் மூன்றரை மணிக்குக் கோப்பி குடிக்க வரட்டாம் என்று மகனிடம் சொல்லி விட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுக்குக்கூட இல்லை. கலியாணத்தில் மதுபானமும் ஆட்டமும் வேண்டாம், தேவாலயத்தில் எளிமையாக வைக்கலாம் என்கிறார்கள். தாலிக்கொடிப் பேச்சை எடுத்தால் பிள்ளையின் முகம் மாறுகிறது. மகனை மதம் மாற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என் தம்பியை அவமதித்தவர்களின் வீட்டில் போய் நான் கோப்பி குடிக்க வேண்டுமா?

பதில்: அன்புள்ள அக்கா,

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். போங்கள். கட்டாயம் போங்கள். அவர்கள் உங்கள் தம்பியை அவமதித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை.

நான் வோட்டர்லூவுக்குப் பக்கத்து நகரமான கிச்சினரில் 17 வருடமாகக் குடும்ப ஆலோசகராக வேலை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் மெனோனைட் குடும்பங்களும் உண்டு, நம் ஆட்களும் உண்டு. இரண்டு பக்கத்தாரும் ஒரே மேசையில் இருந்து ஒருவரை ஒருவர் பிழையாக விளங்கிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நீங்கள் சொன்னதும் அப்படி ஒன்றாகத்தான் எனக்குப் படுகிறது.

குதிரை வண்டியை முதலில் முடித்துவிடுவோம். வண்டியும் கறுப்புத் தொப்பியுமாகச் சந்தைக்கு வருகிற பழைய ஒழுங்குக்காரர் மெனோனைட்டுகளில் ஒரு பிரிவுதான். ஒன்ராறியோவில் அவர்கள் 1889இல் தனியாகப் பிரிந்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலானோர் உங்களையும் என்னையும் போலக் கார் ஓட்டி, வேலைக்குப் போய், வீட்டுக் கடன் கட்டி வாழ்கிறவர்கள். மார்க்கத்தில் நீங்கள் தாண்டிப் போகிற ரீசர் வீதி, 1800களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவிலிருந்து வந்து அங்கே காடு வெட்டிக் குடியேறிய ஒரு மெனோனைட் குடும்பத்தின் பெயர். வோட்டர்லூவிலும் அதே காலத்தில்தான் வந்து இறங்கினார்கள். அவர்கள் சுவிட்சர்லாந்து வழி வந்தவர்கள். உங்கள் சம்பந்தி வீட்டார் உக்ரேன் வழி என்றால் கதை வேறு, சாப்பாடு வேறு, வீட்டில் பேசின பழைய மொழியும் வேறு. குடும்பப் பெயரைக் கேட்டே யார் எந்த வழி என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டு மெனோனைட்டுகள் புதிதாகச் சந்தித்தால் முதல் பத்து நிமிடம் "உங்கள் அம்மா எந்தக் குடும்பம், எந்த ஊர்ச் சபை" என்று தேடி எங்கோ ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். "எந்த ஊர், யாருடைய பிள்ளை?" என்று நாங்கள் கேட்கிற அதே கேள்வி. அங்கே உங்களுக்குக் கஷ்டமே இருக்காது.

இப்போது அந்தக் கோப்பி. உக்ரேன் வழி மெனோனைட் வீடுகளில் ஞாயிறு பின்னேரத்துக்கு ஒரு பெயர் உண்டு, ஃபாஸ்பா. ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் பாடுபடக் கூடாது என்பதற்காகச் சனிக்கிழமையே பணிஸ் சுட்டு வைப்பார்கள். ஒரு பெரிய உருண்டைக்கு மேல் ஒரு சின்ன உருண்டை ஒட்டின பணிஸ், ஸ்வீபாக் என்பார்கள். அதோடு பாற்கட்டி, குளிர் இறைச்சி, வீட்டு ஜாம், ஊறுகாய், பழம் வைத்துச் சுட்ட கேக், நிறையக் கோப்பி. முந்திய தலைமுறையில் சொல்லாமல் கொள்ளாமலே வந்து அந்த மேசையில் இருப்பார்கள். இராச் சாப்பாட்டுக்கு அலுவலகத்தில் தெரிந்தவரையும் கூப்பிடலாம். ஃபாஸ்பாவுக்கு இருப்பது சொந்தமும், சொந்தமாக நினைக்கப்படுகிறவர்களும். அவர்கள் உங்களைத் தள்ளி வைக்கவில்லை, அக்கா. உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அதை விளக்கிச் சொல்லவில்லை. தங்களுக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள்.

தட்டுக் கழுவியதும் இப்படித்தான். வந்த விருந்தாளி நம் வீட்டில் தட்டைக் கழுவினால் நமக்கு மானம் போகிறது. அவர்களுக்கு, சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போவதுதான் மரியாதைக் குறைவு. சபை மண்டபத்தில் கலியாணமோ செத்தவீடோ, சாப்பாடு முடிந்ததும் ஆணும் பெண்ணுமாகக் குசினிக்குள் போய்த் துண்டை எடுத்துக்கொள்வார்கள். யாருக்காவது அறுவைச் சிகிச்சை, பிள்ளைப்பேறு என்றால் வாரக் கணக்கில் சபையிலிருந்து வீட்டுக்குச் சாப்பாடு வரும். அன்பை வாயால் சொல்ல அவர்களுக்குச் சரியாக வராது. கையால் செய்வார்கள்.

வாயால் சொல்வது என்றேன் அல்லவா, உங்கள் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் அவர்களுக்கு ஒரு பழைய பெயர் உண்டு, "நாட்டில் அமைதியாய் இருப்பவர்கள்" என்று அர்த்தம். துன்புறுத்தப்பட்ட காலத்தில் தலையைக் குனிந்து, யாரோடும் சண்டைக்குப் போகாமல் பிழைத்துக்கொண்ட சனம். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நம் வீட்டில் கோபம் என்றால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும், அடுத்த நாள் தேத்தண்ணி குடிப்போம். அங்கே கோபமும் கவலையும் சந்தேகமும் ஒரே மாதிரி, மௌனமாகத்தான் வெளியே வரும். பாசமும் அப்படித்தான். வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு எது எதுவென்று தெரியாது.

நானே இதில் விழுந்திருக்கிறேன். என்னோடு வேலை செய்த ஒரு மெனோனைட் பெண்ணின் அறையைப் புதன்கிழமைகளில் ஒரு குழுவுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "பரவாயில்லை" என்றார். ஐந்து மாதத்துக்குப் பிறகுதான், அந்தப் பெண் ஒவ்வொரு புதனும் காருக்குள் இருந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறார் என்று இன்னொருவர் சொன்னார். வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து நான் ஒரு தரத்தோடு விடுவதில்லை. கேட்பேன், பதிலுக்குக் காத்திருப்பேன், மனதில் பத்து வரை எண்ணுவேன், பிறகு "உண்மையாக எப்படி இருக்கிறது?" என்று திரும்பவும் கேட்பேன். இரண்டாவது பதில்தான் அநேகமாக உண்மையான பதில்.

சரி, தம்பியின் படத்துக்கு வருகிறேன்.

அந்த மனிதர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் என்ன சுமந்துகொண்டு அந்தப் படத்தின் முன் நின்றிருக்கலாம் என்பதை மட்டும் சொல்ல முடியும். அவருடைய தாய் உக்ரேனில் பிறந்தவர், இப்போது 88 வயது என்றால் 1930களின் கடைசி. 1937லும் 1938லும் ஸ்டாலினின் ஆட்கள் அங்கிருந்த மெனோனைட் கிராமங்களில் இரவில் கதவைத் தட்டி ஆண்களைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலானோர் திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றுகூடப் பல குடும்பங்களுக்குப் பல வருடம் தெரியாது. 1943இல் போர்முனை திரும்பியபோது, சுமார் 35,000 மெனோனைட்டுகள் பின்வாங்கிய ஜெர்மன் படைகளோடு வண்டியிலும் காலாலும் மேற்கே போனார்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், கிழவர்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கைச் சோவியத் பிடித்துத் திருப்பிக் கொண்டுபோனது. தப்பியவர்களில் சுமார் 8,000 பேர் 1947இலிருந்து கனடாவுக்கு வந்தார்கள். அந்த அப்பம்மாவும் அப்படி வந்த சிறுபிள்ளைகளில் ஒருவராக இருக்கலாம். சேற்றில் வண்டி, முன்னால் ஒரு படை, பின்னால் ஒரு படை, நடுவில் தாயின் கையைப் பிடித்த ஒரு பிள்ளை. வன்னியில் நடந்தது தெரிந்த உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தாயிடம் வளர்ந்த மகன் ஒரு சீருடைப் படத்தின் முன் நிற்கிறார். படத்தில் இருப்பவன் தன் மகளின் மாமியாராக வரப்போகிறவரின் தம்பி. மாலை போட்டிருக்கிறது. என்ன சொல்வார்?

இன்னொன்றும் உண்டு. மெனோனைட்டுகள் ஆயுதம் எடுப்பதில்லை. அது அவர்களின் விசுவாசத்தின் நடுத்தூண்களில் ஒன்று. அவர்களின் பல வீடுகளிலும் சபைகளிலும் ஒரு பழைய சித்திரத்தைப் பார்ப்பீர்கள். 1569இல் நெதர்லாந்தில் டிர்க் வில்லெம்ஸ் என்பவர் சிறையிலிருந்து தப்பி உறைந்த குளத்தின் மேல் ஓடுகிறார். துரத்தி வந்த காவலன் பனிக்கட்டி உடைந்து தண்ணீரில் விழுகிறான். வில்லெம்ஸ் திரும்பி வந்து கை கொடுத்துத் தூக்கிவிடுகிறார். அதனாலேயே பிடிபட்டு, தீயில் எரிக்கப்படுகிறார். உங்கள் சுவரில் தம்பி இருப்பதுபோல அவர்கள் சுவரில் அவர் இருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் கனடாவில் சுமார் 10,000 பேர் மனச்சாட்சியைச் சொல்லி ஆயுதம் தூக்க மறுத்தார்கள். பெரும்பகுதி மெனோனைட்டுகள். துவக்குக்குப் பதிலாக மரம் நட்டார்கள், காட்டுத்தீ அணைத்தார்கள்.

ஆனால் இந்தக் கதை இவ்வளவு நேர்கோடு இல்லை, அதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அதே போரில் 4,000க்கும் மேற்பட்ட மெனோனைட் இளைஞர்கள் படையில் சேர்ந்தார்கள். திரும்பி வந்தவர்களில் பலருக்குச் சொந்தச் சபையில் இடம் கிடைக்கவில்லை. அதற்கும் முன்னால், 1918-19இல், உக்ரேனில் கொள்ளைக் கூட்டங்கள் கிராமங்களை எரித்தபோது சில மெனோனைட் பெடியள் துவக்குத் தூக்கினார்கள். அது சரியா பிழையா என்று நூறு வருடம் கழிந்தும் அவர்களுக்குள் கதை முடியவில்லை. சில குடும்பங்களில் அப்படி ஒரு தாத்தாவின் படம் சுவரில் இருக்காது, அலுமாரிக்குள் இருக்கும். ஆகவே, உங்கள் சம்பந்தி ஆயுதம் எடுப்பது பிழை என்று நம்புகிறவராகத்தான் இருப்பார். அதை நான் உங்களுக்கு மறைக்கமாட்டேன். ஒருநாள் நீங்கள் கேட்டால் அப்படியே சொல்லவும் கூடும். அப்படி நம்புகிற ஒருவர் உங்கள் தம்பிக்காகத் துக்கப்படவும் முடியும். அவர் அங்கே கனநேரம் நின்றார் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். அவமதிக்க நினைக்கிறவர் அவ்வளவு நேரம் நிற்கமாட்டார்.

படத்தைக் கழற்ற வேண்டாம். அவர்கள் அடுத்த தரம் வரும்போதும் அது அங்கேயே இருக்கட்டும்.

மகனின் மதத்தைப் பற்றி. மெனோனைட்டுகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வளர்ந்தவர் தானாக யோசித்துத் தானாகக் கேட்டால்தான் கொடுப்பார்கள். 1525 ஜனவரியில் சூரிச்சில் அவர்களின் முன்னோர் சிலர் அப்படி ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்ததில்தான் எல்லாம் தொடங்கியது. இரண்டு வருடத்துக்குள் ஃபெலிக்ஸ் மான்ஸ் என்ற இளைஞரை அதே ஊர் ஆற்றில் கட்டி மூழ்கடித்துக் கொன்றார்கள். கத்தோலிக்கக் குருவாக இருந்து 1536இல் விலகிய மென்னோ சைமன்ஸின் பெயர் பிறகு அவர்களுக்கு நிலைத்தது. கட்டாயத்தில் வருகிற விசுவாசம் விசுவாசமே இல்லை என்பதற்காக உயிர் விட்டவர்களின் பிள்ளைகள் உங்கள் மகனைக் கட்டாயப்படுத்தினால் அது அவர்களுக்கே அடுக்காது. ஆனாலும் அவன் ஒருநாள் வந்தால் நல்லது என்று அந்த அப்பம்மா செபிப்பார். சபையில் முழு அங்கத்தவராக வேண்டுமென்றால் ஞானஸ்நானம் வேண்டும். சில சபைகளில் போதகர் வேற்று மதத்தவரோடு கலியாணம் நடத்தத் தயங்குவார், சிலவற்றில் தயங்கமாட்டார். அதைப் போதகரிடமே மகனும் அந்தப் பிள்ளையும் இப்போதே கேட்க வேண்டும். அதைவிட முக்கியமாக, பிறக்கப்போகிற பிள்ளைகள் ஞாயிறு எங்கே போவார்கள், கோயிலில் ஏடு தொடக்குவார்களா என்று அவர்கள் இரண்டு பேரும் கலியாணத்துக்கு முன் கதைத்து முடிக்க வேண்டும். நீங்களும் சம்பந்திமாரும் அல்ல, அவர்கள் இரண்டு பேரும். இதைத் தள்ளிப்போட்ட தம்பதிகள்தான் ஐந்து வருடம் கழித்து என் அறையில் வந்து இருக்கிறார்கள்.

கலியாணம் எளிமையாக வேண்டும் என்பதைக் கஞ்சத்தனம் என்று எடுக்காதீர்கள். 1920களில் உக்ரேனிலிருந்து சுமார் 20,000 மெனோனைட்டுகள் கனடா வந்தபோது பலரிடம் பயணச் சீட்டுக்கே காசில்லை. ரயில் கம்பனி கடனுக்கு ஏற்றியது. அந்தப் பயணக் கடனைக் கட்டி முடிக்க 1946 ஆகிவிட்டது. 1924 ஜூலையில் எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் வோட்டர்லூவில் வந்து இறங்க, மொழியும் பழக்கமும் வேறான சுவிஸ் வழி மெனோனைட்டுகள் வந்து வீட்டுக்கு வீடு கூட்டிப் போனார்கள். அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பெரிய மண்டபத்தில் காசைக் கொட்டுவது உறுத்தும். மிச்சம் பிடிப்பது பிறருக்குக் கொடுக்கத்தான். மே மாதக் கடைசியில் நியூ ஹம்பர்க்கில் ஒரு நிவாரணச் சந்தை நடக்கும், 1967இலிருந்து நடக்கிறது. சபைப் பெண்கள் மாதக் கணக்காகக் கையால் தைத்த ஒட்டுப் போர்வைகளை அங்கே ஏலம் போடுவார்கள். அந்தக் காசு முன்பின் தெரியாத நாட்டு அகதிகளுக்குப் போகும். ஒருதரம் போய்ப் பாருங்கள்.

என் எண்ணம் இதுதான். இரண்டு நாள் வையுங்கள். தேவாலயத்தில் நடப்பது அவர்கள் முறையில் நடக்கட்டும், மதுபானம் இல்லாமல். பக்கவாத்தியம் இல்லாமல் நாலு குரலில் முழுச் சபையும் சேர்ந்து பாடும்போது உங்களுக்குக் கண் கலங்கினாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன். மற்ற நாள் மணவறை, ஐயர், கூறை எல்லாம் உங்கள் முறையில். ஆனால் ஐயர் சொல்லச் சொல்கிற எதையும் அந்தப் பிள்ளை கருத்துத் தெரியாமல் சொல்லக் கூடாது. ஒவ்வொரு கிரியையையும் முன்கூட்டியே விளக்குங்கள். அவள் மனம் ஒவ்வாது என்றால் அதை விட்டுவிடுங்கள். பொய்யாக ஒரு வாக்குக் கொடுப்பதை அந்தச் சனம் பெரிய பாவமாக நினைக்கும். நீதிமன்றத்திலும் சத்தியம் செய்யாமல் உறுதிமொழி சொல்கிறவர்கள்.

தாலிக்கொடி. பிள்ளையின் முகம் மாறியதற்கு நான் யோசிக்கக்கூடிய காரணம், நகையில்லாமல் எளிமையாக வாழ வேண்டும் என்ற அந்தப் பழைய வளர்ப்பு. இன்று பலர் மோதிரம் போடுகிறார்கள், ஆனாலும் கழுத்தில் 11 பவுண் என்றால் கூசும். நமக்குக் கொடி என்பது பவிசு மட்டும் இல்லையே. 1995 இடப்பெயர்விலும் அதற்குப் பிறகும் எத்தனை பெண்கள் கொடியை ஈடு வைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள்! உங்கள் கொடிக்கும் ஒரு கதை இருக்கும். அதை அவளிடம் சொல்லுங்கள். நம் பெண்கள் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தது நாளைக்கு ஓடவேண்டி வந்தால் கைக்கு உதவுகிற சேமிப்பு என்பது, அகதிகளின் பேத்திக்கு விளங்கும். அதன்பிறகு "நீ என்ன நினைக்கிறாய், பிள்ளை?" என்று கேட்டுவிட்டுப் பத்து வரை எண்ணுங்கள். மெல்லிய கொடி போதும் என்றால் மெல்லியதாகவே செய்யுங்கள். மிச்சப் பவுண் அவள் பெயரிலேயே இருக்கட்டும்.

ஞாயிறு மத்தியானம் குறைத்துச் சாப்பிடுங்கள். 401 நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், ஒன்றே முக்காலுக்காவது வெளிக்கிடுங்கள். நம் நேரக் கணக்கில் நாலரைக்குப் போய் நிற்காதீர்கள், அந்த அப்பம்மா மூன்றரைக்கே மேசையில் இருப்பார். வெறுங்கையோடு போகாமல் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டு போங்கள், கோப்பியோடு நன்றாக இருக்கும். சாப்பிடத் தொடங்க முன் தலை குனிந்து செபம் செய்வார்கள், அல்லது பாடுவார்கள். நீங்கள் பேசாமல் இருந்தால் போதும். முடிந்ததும் நீங்களும் எழும்பி ஒரு துண்டை எடுத்துத் தட்டுகளைத் துடையுங்கள். வாய் வார்த்தையால் ஒரு மணி நேரம் பாராட்டுவதைவிட அது அவர்களுக்கு விளங்கும்.

தட்டுத் துடைக்கும்போது, முகத்துக்கு முகம் பார்க்காமல் கதைப்பது சுலபம் என்பதால், அந்த நேரத்தில் தகப்பனிடம் சொல்லுங்கள்: "நீங்கள் எங்கள் வீட்டில் ஒரு படத்தைப் பார்த்தீர்கள். அது என் தம்பி." அவன் பெயரைச் சொல்லுங்கள். சின்ன வயதில் எப்படி இருந்தான் என்று சொல்லுங்கள், எந்த மாமரத்தில் ஏறினான், என்ன விளையாடினான் என்று. போரைப் பற்றி அன்றைக்கே கதைக்க வேண்டாம். பிறகு, "நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, எனக்கு அது கஷ்டமாக இருந்தது" என்று நேராகவே சொல்லுங்கள். கோபமில்லாமல் சொன்னால் அவர் தாங்குவார். மகன் மொழிபெயர்க்க வேண்டாம், உங்கள் ஆங்கிலம் போதும்.

அதற்குப் பிறகு அப்பம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்து, அவருடைய அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். உடனே பதில் வராவிட்டால் எழும்பிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் இருங்கள்.

திங்கட்கிழமை எனக்கு எழுதுங்கள், அக்கா. காத்திருப்பேன்.